பச்சைக்குக் கீழே நீலம்

டீசல் போட நிறுத்தினால் போதும், பங்கில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து பானெட்டைத் தட்டிப் பார்ப்பார். அடுத்து அந்தக் கேள்வி வரும். "ஆர்மி வண்டியா சார்?" ஏழு மாதம் இதற்கு "ஆமாங்க, 44 மாடல்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொன்னதுண்டு. தெரிந்து சொன்ன பொய் இல்லை, நம்பித்தான் சொன்னேன். இப்போது வண்டிக்கு நீல நிறம் அடித்தாகிவிட்டது, முகமே மாறிவிட்டது. ஆனாலும் கேள்வி மட்டும் மாறவில்லை. ஜீப் என்றாலே நம் ஊரில் ஆர்மிதான். இப்போதெல்லாம் "இல்லீங்க, தோட்டத்து வண்டி" என்கிறேன். கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும், தட்டிய கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த முகம்தான் என்னைக் கொஞ்ச நாளாகத் தொந்தரவு செய்கிறது. ஏனென்றால் சென்ற வருடம் அதே முகம் எனக்கும் இருந்தது.

வண்டியை வாங்கியது கம்பம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். தார்ப்பாயை புரோக்கர் இழுத்த விதமே ஒரு நாடகம். உள்ளே மங்கலான ராணுவப் பச்சை, பானெட்டில் வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம், பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடாலியும், பின்னால் ஜெரி கேன். டேஷ்போர்டில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் 1944 என்று பொறித்திருந்தது. எனக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது. ஆர்சியை வாங்கிப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் மஹிந்திரா, வருடம் 1967, எரிபொருள் டீசல், நிறம் நீலம். நாலு வரியும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. புரோக்கர் அசரவில்லை. "அந்தக் காலத்துல ஜீப்புன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல மஹிந்திரான்னுதான் சார் எழுதுவாங்க. பட்டாளத்துல இருந்து வெளிய வந்த வருசம் 67. எஞ்சினைப் பின்னால மாத்துனது." ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நான் கேட்க விரும்பிய பதில்களாகவே எல்லாம் இருந்தன. 3,40,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ஏமாந்துவிட்டாரே மனுஷன் என்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டபடியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

குழாய் இல்லை

தேனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது ஸ்டியரிங்குக்காக. கால் வட்டம் சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் யோசிக்கவே ஆரம்பிக்கும். இந்தப் பழைய ஜீப்புகளில் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து கம்பி நேராகச் சக்கரத்துக்குப் போகாது. நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு துண்டு, அதன் இரண்டு பக்கமும் கம்பிகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி தேய்மானம் இருந்தால் போதும், எல்லாம் சேர்ந்து கையில் கால் வட்டமாக வந்து நிற்கும். பிரேக்கும் அப்படித்தான். நாலு சக்கரமும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் மிதிக்கட்டைக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில். ஓடையில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. மெக்கானிக் அண்ணன் இதையெல்லாம் ஒரு மாதத்தில் சரி செய்து தருவதாகச் சொன்னார். நான் அந்த ஒரு மாதத்தில் படித்துத் தொலைத்தேன்.

படித்ததில் ஒன்று முன்பக்க சேஸ். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் வில்லீஸ் கம்பெனி செய்த எம்பி ஜீப்பில், ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் இரண்டு பக்கத்தையும் இணைப்பது ஒரு உருண்டைக் குழாய். அதே ஜீப்பை ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற பெயரில் செய்தது; அதில் குழாய்க்குப் பதிலாகக் கவிழ்த்த வாய்க்கால் மாதிரி ஒரு தகடு இருக்கும். தன் பாகங்களில், போல்ட் தலை உட்பட, ஃபோர்டு ஒரு எஃப் எழுத்தைப் பொறித்து வைத்திருந்தது. நம்முடையது வில்லீஸா ஃபோர்டா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு ஷெட்டுக்குப் போய் வண்டிக்கடியில் படுத்தேன். குழாய் இல்லை. எஃப் இல்லை. வேறு ஏதோ ஒரு குறுக்குச் சட்டம் இருந்தது. எழுந்து வந்து மற்றதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். எம்பியில் ஓட்டுநர் சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்; எனக்குப் பக்கவாட்டில் மூடி இருந்தது. எம்பியில் பின்கதவு கிடையாது. எனக்கு இறக்கி ஏற்றும் பின்கதவு இருந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். எம்பியின் ஹெட்லைட்டைத் திருகைத் தளர்த்திப் பின்பக்கம் கவிழ்த்தால் இருட்டில் எஞ்சின் வேலை பார்க்க வெளிச்சம் தரும், என்னுடையது அசையவில்லை. எம்பியில் இருப்பதுபோலவே முன்முகத்து கிரில்லில் சந்துகள் ஒன்பது இருந்தன, உண்மைதான். ஆனால் அந்தத் தகடு மற்றத் தகடுகளைவிட நாற்பது வயது இளையது. பித்தளைத் தகடு இணையத்தில் கிடைக்கிறது. வருடத்தை நாமே சொல்லிப் பொறித்து வாங்கிக்கொள்ளலாம்.

ஜீப் பைத்தியங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். என்னிடம் இருந்தது சிஜே-3பி என்ற சிவிலியன் மாடல், அதாவது 'ஹை பானெட்'. வால்வு மேலே ஏறிய ஹரிக்கேன் எஞ்சின் உயரமாக இருந்ததால், அதை மூட பானெட்டை உயர்த்த வேண்டியிருந்தது. அழகுக்காக யாரும் உயர்த்தவில்லை. அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் நின்றுபோன அந்த மாடலை மஹிந்திரா நம் நாட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தது. அந்த உயர்ந்த நெற்றியை வெட்டித் தணித்து, எஞ்சின் உட்காரும் இடத்தையும் கீழே இறக்கி, புதுத் தகட்டில் ஒன்பது சந்து முகத்தை மாட்டினால் தூரத்துப் பார்வைக்கு எம்பி. இதற்கென்றே பேர்போன ஊர்கள் இருக்கின்றன. பஞ்சாப்-ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊரில் வண்டியை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கலாம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, ராணுவச் சாயலில் ஜீப் வேண்டும் என்று கேட்பவருக்கு ராணுவச் சாயலில் ஜீப் கிடைக்கிறது. ஏமாற்று வேலை அந்தப் பித்தளைத் தகட்டில்தான் ஆரம்பிக்கிறது.

மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது வில்லீஸே இல்ல போல."

"ஆமா தம்பி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி கேட்டுக்குள்ள வரையிலயே."

"சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீங்க கேக்கலையே. ஸ்டியரிங்தான பாக்கச் சொன்னீங்க." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சேர்த்தார். "சந்தோசமா இருந்தீங்க. அதான்."

எது முதல்

இரண்டு வாரம் ஷெட் பக்கமே போகவில்லை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். எத்தனை பேரிடம் '44 மாடல்' கதை சொல்லியிருக்கிறேன்! அந்த இரண்டு வாரத்தில் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தோண்டினேன், ஆறுதலுக்காகத்தான். தோண்டத் தோண்ட அடியில் இன்னொரு வண்டி வந்துகொண்டே இருந்தது.

1940இல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் எஞ்சின் விசையில் சுழலும் ஒரு சின்ன வண்டி கேட்டு 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. ஒழுங்காகப் பதில் கொடுத்தவை இரண்டே இரண்டு. அதில் பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் மூழ்கிக்கொண்டிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரைக் கூப்பிட்டு வரைபடம் போட்டு, 49 நாள் கெடுவுக்குள் வண்டியைச் செய்து கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முதல் ஜீப் அதுதான். ஆனால் இத்தனை சின்னக் கம்பெனியால் போருக்கு வேண்டிய எண்ணிக்கையில் செய்து தர முடியாது என்று நினைத்த ராணுவம், அந்த வரைபடங்களை வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. வில்லீஸிடம் 60 குதிரைத்திறனில் நல்ல எஞ்சின் இருந்தது, பெரிய ஆர்டர் அவர்களுக்குப் போனது. கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்துச் செய்த வில்லீஸின் முதல் முன்முகத்தைவிட, ஒரே தகட்டில் அடித்தெடுத்த ஃபோர்டின் முகம் மலிவு என்பதால் வில்லீஸும் அதையே மாட்டிக்கொண்டது. ஆக, உலகமே வில்லீஸ் முகம் என்று கும்பிடும் அந்த ஒன்பது சந்து ஃபோர்டு வரைந்தது, அந்த உடம்பு பாண்டம் வரைந்தது. போர் முடிவதற்குள் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. பாண்டமுக்குக் கடைசியில் கிடைத்தது டிரெய்லர் செய்யும் வேலை. ஜீப்பை உருவாக்கியதே நாங்கள்தான் என்று வில்லீஸ் விளம்பரம் செய்ததற்கு அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கையே எடுத்தது.

அப்படியானால் கம்பத்துப் புரோக்கர் செய்தது புது வேலை ஒன்றும் இல்லை என்று தோன்றியது. இது நியாயமான வாதம் இல்லை, தெரியும். மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்தவனுக்கு இந்த மாதிரி வாதங்கள் தேவைப்படும்.

இன்னொன்றும் உறைத்தது. நட்சத்திரம் ஒட்டியவருக்கு அது வேண்டியே இருக்கவில்லை. என்னுடைய இதே மாடலை மஹிந்திராவிடமிருந்து நம் ராணுவமும் வாங்கி ஓட்டியிருக்கிறது. 1965 போரில், அசல் உத்தர் களத்தில், ஜீப்பில் ஏற்றிய பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்குகளை அடித்து உயிர்விட்ட அப்துல் ஹமீதின் பெயர் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும். பொய் சொல்வதென்றால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம், பக்கத்திலாவது இருந்திருக்கும். நார்மண்டியில் இறங்கிய வண்டிக்குப் போட்ட நட்சத்திரத்தைக் கொண்டுவந்து கம்பத்தில் ஒட்டினார்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். வெள்ளைக்காரன் போர் என்றால் நமக்கு விலை கூடுதலாகத் தெரிகிறது போல.

நிஜமாகவே பட்டாளத்து வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஜோங்கா இருக்கிறது. நிசான் பேட்ரோலை ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் உரிமம் வாங்கிச் செய்தார்கள்; ஜபல்பூரின் முதல் எழுத்தும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. ராணுவம் கழித்து ஏலம் விட்டதைக் கோயம்புத்தூரில் ஒரு நண்பர் வைத்திருக்கிறார். அவரிடம் கேள்விக்கே இடமில்லை. அம்புக்குறி போட்ட பழைய நம்பர் பிளேட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் ராணுவம் அந்த வண்டியை வாங்கிய வருடம். நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பங்கைக் கண்டால் தானாக உள்ளே திரும்பும் என்பார்.

சுரண்டல்

மூன்றாவது வாரம் மெக்கானிக் அண்ணனே போன் செய்தார். "வண்டியை எடுக்குறீங்களா, இல்ல வேலையைத் தொடரவா?" போய் நின்றேன். டிங்கர் பின்தரையில் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழைய ராணுவப் பச்சை அடியில் வரும் என்று எனக்கு இன்னும் ஒரு மூலையில் ஆசை. வெட்கங்கெட்ட ஆசை. பச்சைக்குக் கீழே விரல் மொத்தத்துக்குப் பட்டி வந்தது. பட்டிக்குக் கீழே காவி நிற ஆக்ஸைடு. அதற்கும் கீழே மங்கிய நீலம், அதன்மேல் இன்னொரு நீலம், யாரோ தூரிகையால் கையில் அடித்தது. இரும்பு வரும்வரை சுரண்டினார். பச்சை மறுபடி வரவே இல்லை.

நீலத்தோடு சேர்ந்து ஓட்டைகளும் வெளியே வந்தன. பின்தரையில் இரண்டு பக்கமும் வரிசையாக ஆறு ஓட்டைகள், பட்டியால் அடைத்துப் பூசியிருந்தார்கள். பக்கச் சுவரின் மேல்விளிம்பில் நாலு இடத்தில் பற்றவைத்து வெட்டிய தழும்பு. "பெஞ்சு போல்ட் தம்பி," என்றார் டிங்கர். "மலைக்கு ஆள் ஏத்துன வண்டி. மேல இருக்குறது கம்பி இருந்த எடம்." நான் தழும்புகளைக் கிரைண்டர் போட்டு மட்டமாக்கச் சொன்னேன். தகடு சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான். அவர் உடனே செய்துவிட்டார். பத்து நிமிட வேலை.

பச்சையை மறுபடி அடிக்கும் யோசனைக்கு அதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தி, மிக மரியாதையாகவே, ஒரு அதிகாரி கேட்டார்: "சார், நீங்க டிஃபென்ஸா?" இல்லை என்றேன். "அப்ப இந்தக் கலர் அடிக்கக் கூடாதே." மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ஆக, நிஜமான 1944 எம்பியைக் கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவரும் அது பிறந்த நிறத்தை அதற்குத் திருப்பித் தர முடியாது. போலிக்கும் அசலுக்கும் இந்த ஒரு விஷயத்தில் சமநீதி.

2021இல் வந்த பழைய வாகன விதியையும் பார்த்தேன். 50 வயது தாண்டியிருக்க வேண்டும், உருவம் மாறியிருக்கக் கூடாது, 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடப் பதிவு. ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. என் வண்டிக்கு வயது இருக்கிறது, உருவம் இல்லை. உள்ளே எண்பதுகளில் மாற்றிய பியூஜியோ டீசல். தோட்டக்காரர்கள் பலரும் அப்போது செய்த வேலை அது. பெட்ரோலைக் குடித்து மலை ஏறும் எஞ்சினை வைத்து ஏலக்காய் விலைக்குக் கட்டுப்படியாகாது. பழைய ஹரிக்கேனைத் தேடிப் பிடித்து மாட்டி, அந்தப் பதிவை வாங்கி, வண்டியைத் துணி போட்டு மூடி வைக்கலாம். எனக்கு அதில் மனம் போகவில்லை. எஃப்சியைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிற வண்டியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகத்தை மட்டும் மாற்றினேன். கோயம்புத்தூர் உக்கடத்தில் காயலாங்கடை காயலாங்கடையாக இரண்டு சனிக்கிழமை அலைந்து, 11,000 ரூபாய்க்கு ஹை பானெட், ஏழு சந்து முகம், நசுங்கிய முன்தகடு எல்லாம் சேர்த்து எடுத்துவந்தோம். அந்த உயர்ந்த நெற்றி அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். திகைத்துப்போன மாட்டு முகம் மாதிரி இருக்கும். மெக்கானிக் அண்ணனுக்கு மட்டும் ஏக சந்தோசம். எஞ்சின் தன் உயரத்தில் உட்கார்ந்ததும் ஃபேன் உரசல் நின்றது. நிறத்துக்கு யோசிக்கவே இல்லை, ஆர்சியில் இருப்பதை அடித்தோம்.

பெரியம்மா

வண்டி வீட்டுக்கு வந்த வாரம் பெரியம்மா வந்திருந்தார். தேனிப் பக்கம் தேவாரம் ஊரில் இருக்கும்போது இருபது வருடம் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர். விடிவதற்கு முன் தூக்குச்சட்டியோடு முக்கில் போய் நின்றால் ஜீப் வரும், கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கி களை எடுப்பு, காய் எடுப்பு, இருட்டும் நேரம் திரும்ப ஜீப். அந்தப் பக்கத்துச் சாலைகளில் இன்றும் காலையில் நின்றால் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம், வண்டிகள்தான் புது மாடல். பச்சை வண்டியாக இருந்தபோதும் பெரியம்மா ஒருதரம் பார்த்திருக்கிறார். அன்று "பட்டாளத்து வண்டியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நீல வண்டியை வாசலிலேயே நின்று பார்த்தார்.

எனக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறைக்க வேண்டாம். பெரியம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து மெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது, அவர் பழைய கதை சொல்வது, நான் அதை இங்கே எழுதுவது. "வாங்க பெரியம்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றேன்.

"போடா. இதுல ஏறவா நான் மலைக்குப் போறத விட்டேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. பின்னால் போய் எட்டிப் பார்த்தார். "இதுல பதினாலு பேரு. எதுத்தாப்புல இருக்குறவ முட்டியும் என் முட்டியும் வளைவுக்கு வளைவு இடிக்கும். மழை நாள்ல தரையெல்லாம் தண்ணி. வாந்தி வந்தாலும் தலைய வெளிய நீட்ட முடியாது." பிறகு பக்கச் சுவரின் மேல்விளிம்பில், கிரைண்டர் போட்டு நான் மட்டமாக்கிய இடத்துக்குச் சரியாக ஒரு விரற்கடை தள்ளி, கையை வைத்தார். "கம்பி எங்க? இங்க கம்பி இருக்கணும்ல. இல்லாம எதப் புடிச்சுக்கிட்டுப் போவாங்க?"

எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நான் எடுக்கவில்லை, புரோக்கர்தான் எடுத்தார். நான் எடுத்தது தழும்பை. அந்த வித்தியாசத்தை அவரிடம் விளக்குவது அபத்தமாக இருந்தது.

அவர் காபி குடித்துவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போனார். கொண்டுபோய் விடுகிறேன் என்று இரண்டாம் முறை கேட்கவில்லை.

அடுத்த வாரம் தரைக்கு ரப்பர் பாய் போட ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். டிங்கர் பின்தரையைப் பார்த்துவிட்டு, ஆறு ஓட்டையையும் பற்றவைத்து மூடிவிடலாமா என்று கேட்டார். அரை மணி நேர வேலை, பாயும் படிந்து உட்காரும் என்றார்.

"வேண்டாம்ணே, இருக்கட்டும்."

"மழை பேஞ்சா கீழ இருந்து தண்ணி அடிக்கும் தம்பி."

"உள்ள விழுற தண்ணி வடியவும் வழி வேணும்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லி, ஓட்டைகளுக்கு நேராகப் பாயில் வட்டம் போட்டு வெட்ட ஆரம்பித்தார்.